டயட் கோலாவை விட்டால் எடை குறையுமா?

ஒரு 330 மில்லி கோலா கேனில் சுமார் 35 கிராம் சர்க்கரை, ஏறத்தாழ 140 கலோரி. டயட் கேனில் சர்க்கரைக்குப் பதில் செயற்கை இனிப்பூட்டி என்பதால் இரண்டுமே பூஜ்யத்துக்குப் பக்கம். அப்படியிருந்தும் எடையைக் கட்டுப்படுத்தச் செயற்கை இனிப்பூட்டிகளை நாட வேண்டாம் என்று 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு இது பொருந்தாது என்றும் சொன்னது.

பல ஆண்டுகள் மக்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகளில், டயட் பானம் குடிப்பவர்களுக்கு உடல் பருமன் கூடுதலாகவே தெரிகிறது. ஆனால் அதைத் தேடிப் போகிறவர்கள் யார்? பெரும்பாலும் ஏற்கெனவே எடை ஏறியவர்கள். குடை பிடித்தவர்களால்தான் மழை வந்தது என்று சொல்லிவிடக் கூடாதல்லவா!

அதனால் பானத்தை நிறுத்தச் சொல்லிப் பார்த்த சோதனைகளுக்குத்தான் மதிப்பு அதிகம். அவையோ ஒன்றுக்கொன்று முரண். 2015-இல் வெளியான ஈரானியச் சோதனையில், டயட் பானம் குடித்துப் பழகிய பெண்கள் எடைக்குறைப்புத் திட்டத்தில் சேர்ந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் தண்ணீருக்கு மாறியவர்கள் 24 வாரத்தில் சராசரியாக 8.8 கிலோ இளைத்தார்கள். டயட் பானத்தைத் தொடர்ந்தவர்கள் 7.6 கிலோ. அமெரிக்காவில் 303 பேரை வைத்து ஓராண்டு நடந்த சோதனையில் விளைவு தலைகீழ்: டயட் பானக் குழு 6.2 கிலோ, தண்ணீர்க் குழு 2.5 கிலோ. இதற்குப் பணம் கொடுத்தது அமெரிக்கக் குளிர்பான நிறுவனங்களின் சங்கம். அதற்காக முடிவைத் தள்ளிவிட முடியாது. ஆனால் மறந்துவிடவும் கூடாது.

குடல் நுண்ணுயிர்களைச் சில இனிப்பூட்டிகள் மாற்றுகின்றன என்பதற்கு 2022-இல் இஸ்ரேலிய ஆய்வு ஒன்று சான்று காட்டியது. அது எடையைக் கூட்டுமா என்பது வேறு கேள்வி.

என் பார்வையில், டயட் பானத்தை விட்டவர் அதற்குப் பதில் எதைக் குடிக்கிறார் என்பதே முக்கியம். தண்ணீர், சர்க்கரை போடாத மோர் என்றால் நஷ்டமில்லை. சர்க்கரை தூக்கலாகப் போட்ட கடை ஜூஸ் என்றால் டயட் கேனே தேவலை. 'கலோரி இல்லாததைத்தானே குடிக்கிறோம்' என்று பெரிய பாக்கெட் சிப்ஸைப் பிரிக்கிறவர், மிச்சம் பிடித்ததை அங்கேயே விட்டுவிடுகிறார்.

நிறுத்துவதாக இருந்தால் படிப்படியாகக் குறைப்பது நல்லது. டயட் கோலாவிலும் காஃபின் உண்டு. தினமும் இரண்டு, மூன்று கேன் குடித்தவர் ஒரேயடியாக விட்டால் சில நாள் தலைவலி வரலாம். உடம்பு இனிப்பைக் கேட்கிறது என்று நினைத்து, தலைவலிக்கு மருந்தாகச் சர்க்கரைக் காபி குடித்தால், எடைக் கணக்கு அங்கேயே கெட்டுப்போகும்.