காய்த்த தென்னை பட்டுப்போவது ஏன்?

பளைப் பக்கம் ஓர் அக்கா. 2010ஆம் ஆண்டு மீளக்குடியமர்ந்தபோது அவரது வளவில் இருந்த தென்னைகள் எல்லாம் ஷெல்லடியில் வட்டிழந்து மொட்டையாக நின்றன. அடுத்த ஆண்டு ஐந்து தென்னம்பிள்ளைகளை நட்டு, குடத்தில் தண்ணீர் சுமந்து வளர்த்தார். கணவர் இல்லாத வீடு. பிள்ளைகளின் கொப்பிக்கும் பஸ்ஸுக்கும் அந்தத் தேங்காய்க் காசுதான்.

2019 கச்சான் காலத்தில் ஒரு மரத்தின் உள்ளோலைகள் மஞ்சளடித்தன. "தண்ணி காணாதாக்கும் எண்டு நினைச்சுக் கிணறு வத்த வத்த இறைச்சன். உப்பும் போட்டன்" என்றார். ஒரு மாதத்தில் வட்டு முறிந்து விழுந்தது. பிளந்து பார்த்தால் உள்ளே விரல் பருமனில், காலில்லாத வெண்மஞ்சள் புழுக்கள்.

சகோதரிகளே, தென்னை வாடினால் முதலில் பார்க்க வேண்டியது, எந்த ஓலையில் தொடங்கியது என்பதைத்தான். அடியிலுள்ள முதிர்ந்த ஓலை மாதம் ஒன்றளவில் காய்ந்து விழுவது இயல்பு. அடியோலைகள் பலவும் ஒன்றாகத் தொங்கினால் வரட்சி. அவை நுனியிலிருந்து மஞ்சளாகி, ஈர்க்கை அண்டிய பகுதி மட்டும் பச்சையாக இருந்தால் மக்னீசியக் குறை. மணல் நிலங்களில் இது அதிகம். டொலமைற் இடலாம். இவற்றால் மரம் உடனே சாகாது. அவகாசம் உண்டு.

உள்ளோலையும் குருத்தும் வாடினால் அவகாசமில்லை. மழைக்காலத்தில் குருத்து வெளிறி, மெல்ல இழுத்தாலே கையோடு வந்து நாறினால் அது குருத்தழுகல். ஆரம்பத்திலேயே அழுகலைச் சுரண்டி போர்டோப் பசை பூசினால் தப்பவைக்கலாம். தென்னைக்கு உயிர்முளை ஒன்றே ஒன்றுதான். அது அழுகினால் பிறகு துளிர்க்காது.

அந்த அக்காவின் மரத்தைக் கொன்றது சிவப்புக் கூன்வண்டு. நட்டு மூன்று முதல் பத்து ஆண்டுவரையான மரங்களையே இது பெரும்பாலும் தாக்கும். தண்டில் சிறு துளை, அதிலிருந்து வடியும் கபில நிறச் சாறு, வெளியே தள்ளிய சக்கை ஆகியவை இதன் அடையாளங்கள். சந்தேகமென்றால் தண்டில் காதை வைத்துக் கேளுங்கள். புழு நறநறவென்று கடிக்கும் சத்தம் கேட்கும்.

இந்த வண்டு காயத்தைத் தேடித்தான் முட்டையிட வரும். அக்கா கிடுகு பின்னுவதற்காகப் பச்சை மட்டைகளைத் தண்டோடு ஒட்ட வெட்டியிருந்தார். நம்மில் பலர் செய்வதுதான் இது. பச்சை மட்டை வெட்டத்தான் வேண்டுமென்றால் தண்டிலிருந்து மூன்று, நான்கு அடி விட்டு வெட்டுங்கள். ஏறுவதற்குத் தண்டில் படி கொத்த விடாதீர்கள். காயம் பட்டால் தார் பூசுங்கள்.

காண்டாமிருக வண்டும் காயம் வைக்கும். ஓலை விரியும்போது கத்தரியால் வெட்டியதுபோலத் தெரிந்தால் அதன் வேலை. கொக்கிக் கம்பியால் குத்தி எடுக்கலாம். இளம் மரமென்றால் ஓலைக் கவட்டில் அந்துருண்டையை வைத்து மணலால் மூடலாம். இது பெருகுவது எருக் கும்பியிலும் உக்கும் தென்னங்குற்றியிலும்தான். பதுங்குகுழிக்கு அடுக்கிய குற்றி, தலையிழந்த மரம் எதுவும் வளவில் உக்கிக் கிடந்தால் அகற்றி எரித்துவிடுங்கள். ஆனால் கண்ணிவெடி அகற்றி உறுதிசெய்யாத இடத்தில் கிண்ட வேண்டாம்.

பட்ட மரத்தையும் அப்படியே விடக் கூடாது. வட்டைப் பிளந்து எரிக்காவிட்டால், புழு வண்டாகி அடுத்த மரத்துக்குப் போகும். மருந்தைக் கடையில் கேட்டு நீங்களே ஊற்றவும் வேண்டாம். அது தேங்காயிலும் கிணற்றிலும் சேரக்கூடும். தென்னைப் பயிர்ச்செய்கைச் சபையின் உத்தியோகத்தரை அழைத்துக் காட்டுங்கள். தெற்கிலிருந்து தென்னங்கன்று கொண்டுவருவதையும் தவிருங்கள். வெலிகமவில் 2006ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட ஓலை வாடல் நோய்க்கு மாற்று மருந்து இல்லை.

அக்காவின் மற்ற மரங்களில் ஒன்றிலும் சாறு வடிந்தது. காது வைத்துக் கேட்டு, அன்றே உத்தியோகத்தருக்குச் சொல்லி அனுப்பினார். அந்த மரம் தப்பிவிட்டது. இப்போது முற்றம் கூட்டும்போது நான்கு மரத்தடியிலும் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போகிறார்.