மீன்தொட்டியில் நீர் மாற்றுதல்

தம்பானூர் நிலையத்தில் நாகர்கோயில் வண்டியை விட்டிறங்கி விடுதிக்கு வரும் நம்மவர் சிலரின் மேசைமீது, இன்று கண்ணாடி மீன்தொட்டி ஒன்றைக் காணலாம். எங்கள் அறையிலும் ஒன்று இருந்தது. ஐந்து திங்கள் நீரை மாற்றவேயில்லை; ஆவியாகிக் குறைந்ததை மட்டும் நிரப்பி வந்தோம். பொன்மீன்கள் நன்றாகவே இருந்தன. விடுமுறைக்கு முன்னர், நன்மை செய்வதாக எண்ணிப் பாதி நீரை இறைத்துவிட்டு, குளோரின் நீங்க ஒருநாள் வாளியில் வைத்திருந்த குழாய் நீரை ஊற்றினோம். மறுநாட் காலையில் மீன்கள் செத்து மிதந்தன!

காரணம் என்ன? மீன் தன் செவுள் வழியே அமோனியாவை வெளியிடுகிறது. மணலில் வாழும் நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவ்வுயிர்களை 1890-ஆம் ஆண்டளவில் பிரித்துக் காட்டியவர் வினோகிராட்ஸ்கி என்னும் ருஷ்ய அறிஞர். இம்மாற்றத்தில் அமிலமும் பிறக்கிறது. நீரிலுள்ள பைகார்பனேட்டு அதனை ஈடுசெய்து தானும் தீர்ந்து போகிறது. நம் நகரின் குழாய் நீரோ, கரமனையாற்றில் அருவிக்கரையிலிருந்து வரும் மென்னீர். அதில் இச்சரக்கு சிறிதளவே உண்டு.

அது தீர்ந்ததும் பி.எச். அளவு இறங்குகிறது, நுண்ணுயிர்கள் சோர்கின்றன, அமோனியா தேங்குகிறது. ஆயினும் அமில நீரில் அது அமோனியம் என்னும் தீங்கு குறைந்த வடிவில் அடங்கியிருக்கும். 25 பாகை வெப்பத்தில், பி.எச். 6 ஆனால் 1,800 பங்கில் ஒன்றே நஞ்சு. 7 ஆனால் 180-இல் ஒன்று. 8 ஆனால் 19-இல் ஒன்று. இறைத்த நீர் வாளியில் எஞ்சியிருந்தது, சோதித்தோம்: 6. மாற்றிய பின் தொட்டியில் 7. அமோனியா பாதியாகக் குறைந்தும், நஞ்சின் பங்கு பத்து மடங்கானது. ஆகவே ஒரே நாளில் ஐந்து மடங்கு நஞ்சு!

முறையாக மாற்றினால் என்னவாகும்? வாரந்தோறும் லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரேட்டு சேர்வதாகக் கொள்வோம். கால்பங்கு நீரை வாரந்தோறும் மாற்றினால், அது 40-ஐ நெருங்கி நின்றுவிடும். 40-இல் கால்பங்கு 10 அன்றோ? வரவும் செலவும் சமம். பத்திலொரு பங்கே மாற்றினால் 100 வரை ஏறும். மாற்றாவிடில் ஏறிக்கொண்டே போகும். நீர் ஆவியாகும்போது உப்புக்கள் தங்கிவிடுவதால், வெறுமனே நிரப்புவது மாற்றமாகாது. புதுநீரோ இழந்த பைகார்பனேட்டையும் கொண்டுவந்து சேர்க்கிறது.

நெடுநாள் மாற்றாத தொட்டி உங்களிடம் இருப்பின், அஞ்ச வேண்டா, அவசரமும் வேண்டா. தீனியைக் குறைத்து, நாளுக்குச் சிறிதளவாகப் பல நாள் மாற்றுங்கள். ஆண்டு முழுவதும் படிக்க வேண்டியதைத் தேர்வுக்கு முந்திய இரவில் படித்து முடிக்க முயல்வோரின் கதி நாம் அறிந்ததே. எங்கள் மீன்களுக்கு நேர்ந்ததும் அதுதான்.