மருத்துவமனையில் மழலையும் பெற்றோரும்

"டாக்டரும் நர்சும் பார்த்துக்கொள்ளும்போது அப்பா அம்மாவுக்கு அங்கே என்ன வேலை?" எங்கள் மகன் பிறந்து 47 நாட்கள் மருத்துவமனையில் இருந்தபோது, இப்பள்ளித் தோழியர் சிலர் எங்கள் மகளிடம் இவ்வாறு கேட்டார்களாம். கேட்டவர்களைக் குறை சொல்வதற்கில்லை. முதல் இரண்டு நாட்கள் நாங்களும் இதையேதான் எங்களுக்குள் கேட்டுக்கொண்டோம். ஆண்டு மலரில் எழுதுமாறு கேட்டபோது, அக்கேள்விக்கே விடை எழுதலாம் என்று தோன்றியது.

நாற்பது வாரம் கருவில் இருக்க வேண்டியவன் முப்பதாவது வாரத்திலேயே கடலூரில் பிறந்துவிட்டான். எடை 1,250 கிராம். மூச்சுத் திணறல் இருந்ததால், 108 வண்டியில் சிதம்பரம் அண்ணாமலை நகரிலுள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். 1985-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ராஜா முத்தையா பெயரில் தொடங்கிய கல்லூரி அது; 2021-இல் தமிழக அரசின் சுகாதாரத் துறையின்கீழ் வந்தது. கடலூரிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று வரும் அந்த ரயில் பாதையின் ஒவ்வொரு நிலையமும் இப்போது எங்களுக்கு மனப்பாடம்.

37 வாரம் நிறைவதற்கு முன் பிறப்பதையே குறைமாதப் பிரசவம் என்கிறோம். இத்தகைய குழந்தைக்கு முதல் இடர் நுரையீரலில்தான். மூச்சை வெளியே விடும்போது நுரையீரலின் நுண்ணறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பொருள் ஒன்று, கருவின் கடைசி வாரங்களில்தான் போதிய அளவு சுரக்கிறது. அதற்குமுன் பிறந்தவனுக்கு ஒவ்வொரு மூச்சும் புதுப் பலூனை ஊதுவது போன்ற வேலை. தோலுக்கடியில் கொழுப்பு இல்லாததால் உடம்புச் சூடும் நிற்பதில்லை. ஆகவே சூடூட்டும் தொட்டில், மூக்கில் காற்றுக் குழாய், காலில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் சிறு விளக்கு. சில வேளைகளில் இக்குழந்தைகள் மூச்சு விடவே மறந்துபோகும்! அப்போது கருவி அலறும். செவிலியர் ஓடிவந்து உள்ளங்காலை மெல்லத் தட்டுவார். குழந்தைக்கு நினைவு வந்ததுபோல் மூச்சு வரும். அந்த ஓசையைக் கேட்கும்போதெல்லாம் எங்கள் மூச்சும் நின்றுபோனது உண்டு. கருவியையே பார்த்துக்கொண்டிராமல் குழந்தையின் நிறத்தையும் மார்பு அசைவையும் பார்க்கும்படி ஒரு மூத்த செவிலியர் கற்றுக்கொடுத்தார். அன்றைக்குத்தான் நாங்கள் வேடிக்கை பார்ப்பவர்கள் அல்ல என்று உணர்ந்தோம்.

எங்களுக்கு வாய்த்த முதல் வேலை கை கழுவுவது. வளையல், மோதிரம், கைக்கடிகாரம் அனைத்தையும் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டு, விரல் இடுக்கு, நகக்கண் விடாமல் தேய்க்க வேண்டும். எதிர்ப்புச் சக்தி குறைந்த சிசுவுக்கு நம் கைக் கிருமியே எமனாகலாம். பார்க்க வந்த உறவினரை வாசலிலேயே நிறுத்தியதில் சிலருக்கு மனத்தாங்கல். அதற்கு நாங்கள் என்ன செய்ய முடியும்?

இரண்டாவது வேலை பால். இது தாயினுடையது. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது ஆகிய மூன்றையும் ஒழுங்காகச் சேர்த்துச் செய்யும் திறமை சுமார் 34-ஆவது வாரத்தில்தான் குழந்தைக்கு வருகிறது. அதுவரை தாய்ப்பாலைப் பீய்ச்சியெடுத்து, மூக்கு அல்லது வாய் வழியாக இரைப்பைக்குச் செல்லும் மெல்லிய குழாயில் விட வேண்டும். இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, நள்ளிரவு உட்பட. முதலில் கிடைத்தது சில சொட்டுகளே. 'இது எதற்கு ஆகும்?' என்று கண்ணீர் வந்தது. ஆனால் அவன் ஒரு வேளைக்குக் குடித்ததும் இரண்டே மில்லிதான். குறைமாதக் குழந்தைகளின் குடலைத் தாக்கும் கொடிய அழற்சி நோய், தாய்ப்பால் குடிப்பவர்களுக்குக் குறைவாகவே வருகிறது. மருந்துக் கடையில் வாங்க முடியாத மருந்து அது. பின்னர் குழாயை எடுத்துவிட்டுப் பாலாடையில் கொடுக்கச் சொன்னார்கள். பாட்டிமார் 'சங்கு' என்று வீட்டில் வைத்திருந்த அதே பாலாடை, இவ்வளவு கருவிகளுக்கு நடுவே மரியாதையாக வீற்றிருந்ததைக் கண்டு எங்கள் வீட்டுப் பாட்டிக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாவது வேலையே எங்களை மிகவும் வியக்க வைத்தது. குழந்தைக்கு டயப்பரும் குல்லாயும் மட்டும் அணிவித்து, தாயின் வெற்று மார்பில் நிமிர்ந்தவாறு படுக்க வைத்து, துணியால் சேர்த்துக் கட்டுவார்கள். கங்காரு தன் குட்டியைப் பையில் சுமப்பதுபோல் இருப்பதால் இதற்குக் கங்காரு முறை என்று பெயர். தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், 1978-இல் எட்கர் ரே என்ற மருத்துவர் இன்குபேட்டர் பற்றாக்குறையாலும் நோய்த் தொற்றாலும் குழந்தைகள் இறப்பதைக் கண்டு தொடங்கிய முறை இது. இல்லாமையில் பிறந்தது, ஆனால் ஏழைக்கான மாற்று ஏற்பாடு என்று இதை எண்ணிவிடக் கூடாது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 3,200-க்கும் மேற்பட்ட சிசுக்களிடம் நடத்திய ஆராய்ச்சி 2021-இல் வெளியாயிற்று. உடல்நிலை சீரான பிறகு இம்முறையைத் தொடங்கிய பிரிவில், 28 நாட்களுக்குள் நூற்றுக்கு ஏறத்தாழ 16 குழந்தைகள் இறந்தன. பிறந்தவுடனே தொடங்கிய பிரிவில் 12. அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனம், பிறந்தவுடன் இதைத் தொடங்குமாறு பரிந்துரைத்தது.

தாய் குளிக்கவும் உண்ணவும் செல்லும்போது தந்தையும் இவ்வாறு அணைத்துக்கொள்ளலாம். எங்களில் தந்தையானவர் முதல் நாள் வெட்கப்பட்டுச் சட்டைப் பொத்தானைக் கழற்றவே கால் மணி நேரம் ஆயிற்று. ஆனால் குழந்தையைக் கட்டிய சிறிது நேரத்தில் அதன் மூச்சு சீராவதைக் கருவியில் கண்டபின், ரயிலைவிட்டு இறங்கியதும் ஓட்டமாக வரத் தொடங்கினார்.

பெற்றோரை இவ்வாறு உள்ளே விடுவது பழைய வழக்கம் அன்று. இங்கிலாந்தில்கூட, மருத்துவமனைக் குழந்தையைப் பெற்றோர் குறித்த நாளில் சற்று நேரம் பார்ப்பதே முன்பு விதியாக இருந்தது. ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், மருத்துவமனையில் தாயைப் பிரிந்த இரண்டு வயதுச் சிறுமி படும் துயரை 1952-இல் திரைப்படமாக எடுத்துக் காட்டினார். 1959-இல் அந்நாட்டுக் குழு ஒன்று, பெற்றோரைத் தடையின்றி அனுமதிக்கப் பரிந்துரை செய்தது. நம் நாட்டில், நோயுற்ற சிசுவின் பராமரிப்பில் குடும்பத்தாரைப் பயிற்றுவித்துச் சேர்த்துக்கொள்ளும் வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு 2017-இல் வெளியிட்டது.

இனி வீட்டுப் பக்கம். செலவு என்றால் மருந்து மட்டும் அல்ல. ரயில் கட்டணம், வெளிச் சாப்பாடு, போன சம்பளம் எல்லாம் சேர்ந்ததே. அதையும் தாங்கலாம், தாங்க முடியாதது பேச்சு. 'கிரகணத்தன்று வெளியே வந்தாளா?', 'பஸ்ஸில் ஏன் போனாள்?' என்று தாயின் காதுபடவே கேட்டார்கள். குறைப்பிரசவம் பலவற்றுக்குக் காரணம் இன்னதென்று மருத்துவர்களாலேயே சொல்ல முடிவதில்லை. கிரகணத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. சேனை வைப்பது, மூக்கில் எண்ணெய் விடுவது, சர்க்கரைத் தண்ணீர் ஊட்டுவது ஆகிய யோசனைகளும் வந்தன. இவை எச்சிசுவுக்கும் ஆகாதவை. குறைமாதச் சிசுவுக்கோ உயிருக்கே ஆபத்து.

அந்நாட்களில் எங்கள் மகளும் ஒருவகையில் நோயாளியே. தம்பியைப் பார்க்கவும் முடியவில்லை. வீட்டில் யாரும் அவளுக்கு விவரம் சொல்லவும் இல்லை. 'தம்பி செத்துப்போய்விட்டானா?' என்று ஒருநாள் தொலைபேசியில் கேட்டாள். அதன்பின் தினமும் இரவு எட்டு மணிக்கு அவன் எடையையும் குடித்த பாலின் அளவையும் அவளிடம் சொன்னோம். ஒரு நோட்டில் குறித்துவந்தாள். எடை குறைந்த நாளையும் மறைக்கவில்லை. வகுப்புத் தோழியர் பாடக் குறிப்புகளை எழுதிக் கொடுத்ததும், ஆசிரியை ஒருவர் மாலையில் அவளை உடன் வைத்துப் படிக்கச் செய்ததும் சிதம்பரத்தில் இருந்த எங்களுக்கு எவ்வளவு ஆறுதல்! 'ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்' என்றவர்கள் நூறு பேர். கேட்காமலே ஒரு தூக்குச் சட்டி சாம்பார் சாதம் கொண்டுவந்தவர்கள் மூன்று பேர்.

வீடு திரும்பியதோடு வேலை முடியவில்லை. முன்கூட்டிப் பிறந்த குழந்தைகளின் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வையைப் பறிக்கக்கூடும். பிறந்த நான்கு வாரத்துக்குள் முதல் கண் பரிசோதனை செய்து, மருத்துவர் போதும் என்னும் வரை தொடர வேண்டும். உரிய வேளையில் கண்டுபிடித்தால் லேசர் சிகிச்சையால் பெரும்பாலும் பார்வையைக் காக்கலாம். குழந்தைதான் வீட்டுக்கு வந்துவிட்டதே என்று இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

வளர்ச்சியைக் கணக்கிடும்போது, முன்னதாகப் பிறந்த வாரங்களைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்றும் மருத்துவர் சொல்லியிருக்கிறார். அவன் பிறந்து எட்டு மாதம் ஆகிறது. பத்து வாரத்தைக் கழித்தால் ஐந்தரை மாதமே. ஆகவே எங்கள் வீட்டுக்கு வருபவர்கள், இன்னும் உட்காரவில்லையே என்று பதற வேண்டாம். குப்புற விழுந்து தலையைத் தூக்கிப் பார்க்கிறான்.