ஜான் தெரு ஆலயத்தை எழுப்பியவர்கள்

1768 அக்டோபர் 30, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் நகரின் ஜான் தெருவில் புதிதாகக் கட்டிய ஆலயத்தின் பிரதிஷ்டை. பிரசங்க மேடையைச் செய்த தச்சரே அதில் ஏறி நின்று பிரசங்கித்தார். அவர் பெயர் பிலிப் எம்பரி.

எம்பரியின் முன்னோர் ஜெர்மனியிலிருந்து அயர்லாந்தில் குடியேறியவர்கள். அங்கேதான் ஜான் வெஸ்லியின் மெதடிஸ்ட் இயக்கத்தில் அவர் சேர்ந்தார். 1760 இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய பிறகு பிரசங்கம் நின்றுபோயிற்று. அவரை மறுபடி எழுப்பியவர் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரி பார்பரா ஹெக். 1766 இல் சொந்தபந்தங்கள் சீட்டாடுவதைக் கண்டு கொதித்தவர், சீட்டுகளை வாரி நெருப்பில் எறிந்துவிட்டு எம்பரியின் வீட்டுக்கு நடந்தாராம். சபை வழிவழியாகச் சொல்லிவரும் கதை இது.

முதல் கூட்டத்தில் எம்பரியின் பேச்சைக் கேட்க வந்தவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவார்கள். அவர்களில் ஒருவர் பெட்டி என்ற பெயருடைய கறுப்பினப் பணிப்பெண். பிறகு தாமஸ் வெப் வந்தார். போரில் ஒரு கண்ணை இழந்த பிரிட்டிஷ் படை அதிகாரி. சீருடையோடு நின்று வாளை மேடையில் வைத்துப் பிரசங்கிப்பார். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் கேட்க உட்கார்ந்தது. வீடு போதவில்லை, கப்பல் கயிறுகள் தயாராகும் கிடங்கின் மாடிக்கு மாறினார்கள். அதுவும் போதவில்லை.

ஆலயம் கட்டப் பணம் திரட்டியபோது கனவான்களும் கொடுத்தார்கள், அடிமைகளும் கொடுத்தார்கள். அரசு அங்கீகாரம் இல்லாத சபையார் கோயில் கட்டச் சட்டம் இடம் தரவில்லை. ஆகவே உள்ளே குளிர்காயும் அடுப்பும் மேலே புகைபோக்கியும் வைத்து, வீடு என்று கணக்குக் காட்டினார்கள்.

இந்தச் சபையின் வரலாற்றில் மனத்தை மிகவும் உறுத்துவது பீட்டர் வில்லியம்ஸின் கதை. ஆலயத்தைக் கூட்டிப் பெருக்கிக் கவனித்துவந்த அடிமை அவர். 1783 இல் அவருடைய எஜமான் நாட்டைவிட்டுப் போக நேர்ந்தபோது, சபை 40 பவுண்டுக்கு அவரை விலைக்கு வாங்கியது. விற்பனைச் சந்தைக்குப் போகாமல் அவரைக் காத்தது உண்மைதான். ஆனால், அடிமை வணிகத்தைக் கண்டித்து வெஸ்லி எழுதி ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்படியிருந்தும் அந்தப் பணத்தைச் சபை வில்லியம்ஸிடமிருந்தே தவணை தவணையாகத் திரும்பப் பெற்றது. கடன் 1785 இல் தீர்ந்தது; விடுதலைப் பத்திரம் 1796 இல்தான் எழுதப்பட்டது.

அதே 1796 இல், பாகுபாடு பொறுக்காத கறுப்பின உறுப்பினர்கள் தனியே கூடி வழிபடத் தொடங்கினார்கள். ஜேம்ஸ் வேரிக்கோடு வில்லியம்ஸும் அதில் முன்நின்றார். ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் சீயோன் திருச்சபை அங்கிருந்து வளர்ந்ததுதான்.

ஜான் தெருவில் இன்று நிற்பது 1841 இல் எழுந்த மூன்றாவது கட்டடம். அதன் தொடக்க வரலாற்றை எழுதுவோர் எம்பரிக்கும் ஹெக்குக்கும் தரும் இடத்தை வில்லியம்ஸுக்கும் தர வேண்டும்.