ரிப்பன் விலாங்கு: கறுப்பு, நீலம், மஞ்சள்... நிறம் மாறும் இந்த மீனை வீட்டுத் தொட்டியில் வளர்க்கலாமா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு கொளத்தூர் வண்ண மீன் கடைகள் அத்துப்படி. கப்பி, ஃபைட்டர் என்று ஆரம்பிக்கிறவங்களில் சிலர், ஒரு கட்டத்தில் கடல் மீன் தொட்டிக்கு மாறுவாங்க. அப்போது வீடியோக்களில் கண்ணைப் பறிப்பது ரிப்பன் விலாங்கு. பளீர் நீல உடம்பு, மஞ்சள் முகம், மூக்கு நுனியில் இலை மாதிரி விரிந்த மடல். "இது ஒண்ணு கிடைக்குமா?" என்று கேட்பதற்கு முன் கொஞ்சம் தெரிஞ்சுக்கலாம்.

பாம்பா, மீனா?

மீன்தான். செவுளால் மூச்சு விடுகிறது. நம்ம மீனவர்கள் அஞ்சாலை என்று சொல்லும் விலாங்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. மன்னார் வளைகுடா பவளப்பாறைகளிலும் அஞ்சாலைகள் உண்டு. வாயைத் திறந்து திறந்து மூடுவது கடிக்க அல்ல. செவுளுக்குத் தண்ணீர் அனுப்பத்தான்.

நிறம் ஏன் மாறுகிறது?

குட்டியில் கறுப்பு, முதுகுத் துடுப்பு மட்டும் மஞ்சள். வளர்ந்ததும் நீல நிற ஆண். அதே மீன் இன்னும் வளர்ந்து ஒரு மீட்டரைத் தாண்டும்போது பெண்ணாக மாறி, உடம்பு முழுக்க மஞ்சளாகிவிடும். ஆமாம், ஆணாக இருந்ததுதான் பெண்ணாகிறது! நிமோ படத்தால் பிரபலமான கோமாளி மீனும் இப்படி மாறக்கூடியதுதான். ஆனால் அதில் இவ்வளவு பளிச்சென்று தெரியாது.

தொட்டியில் என்ன பிரச்னை?

பட்டினி. கிழக்கு ஆப்பிரிக்கா முதல் பசிபிக் தீவுகள் வரை பவளப்பாறை ஓரம் மணல் வளையில் உடம்பை மறைத்து, தலையை மட்டும் நீட்டி, பக்கத்தில் வரும் சின்ன மீனைப் பிடிப்பது இதன் வழக்கம். கடலில் பிடித்து வரப்படும் இந்த விலாங்கு, தொட்டியில் செத்த மீனையோ தீவனத்தையோ பெரும்பாலும் தொடாது. பல விலாங்குகள் ஒரு மாதம்கூடத் தாங்குவதில்லை. மூடியில் சின்ன இடைவெளி இருந்தாலும் நழுவி வெளியே விழுந்துவிடும். காலையில் தரையில் காய்ந்து கிடக்கும்.

அனுபவசாலிகள் சிலர் உயிருள்ள சின்ன மீன்களைக் கொடுத்துப் பழக்கி வளர்த்திருக்காங்க என்பதும் உண்மை. ஆனால் முதல் கடல் தொட்டிக்கு இது வேண்டவே வேண்டாம். விலாங்குதான் வேணும் என்றால், வெள்ளை உடம்பில் கறுப்புத் திட்டுகள் போட்ட பனித்துகள் விலாங்கு பரவாயில்லை. கொடுத்த இறாலைச் சாப்பிடும். எதை வாங்கினாலும், காசு கொடுப்பதற்கு முன் கடைக்காரரிடம் "என் கண் முன்னாடி இரை போடுங்க" என்று கேளுங்கள்.