வானத்திடம் என்ன கேட்டார்கள்?

சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் இரவில் பினாங்கு வெல்ட் கீ பக்கம் போனவர்களுக்கு இந்தக் காட்சி தெரிந்திருக்கும். சியூ ஜெட்டி முன்னால் நீண்ட மேசைகள், பழங்கள், பலகாரங்கள், உயரமான கரும்புகள். நள்ளிரவு தாண்டி ஒன்பதாம் நாள் பிறந்ததும் ஹொக்கியன் மக்கள் தீ கோங்கின் பிறந்தநாளைக் கொண்டாடுகிறார்கள். நமக்குத் தீ என்றால் நெருப்பு. அவர்கள் மொழியில் அது வானம். தீ கோங் வானத்தின் தலைவர்.

“எல்லா சாமியும் ஒன்றுதான்” என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால், அதோடு கேள்வியும் நின்றுபோகிறது. வானத்தை வணங்கிய எல்லாரும் அதனிடம் ஒன்றையே கேட்கவில்லை என்பது என் கருத்து.

மத்திய ஆசியாவின் பழைய துருக்கியர்களும் மங்கோலியர்களும் வானத்தைத் தெங்ரி என்றார்கள். கடவுளுக்கும் அதே சொல்தான். மங்கோலியாவின் ஓர்கோன் பள்ளத்தாக்கில் கி.பி. 732-இல் குல் தெகின் என்ற இளவரசனின் நினைவாக எழுப்பப்பட்ட கல்வெட்டு இருக்கிறது. மேலே நீல வானமும் கீழே மண்ணும் தோன்றின, இரண்டுக்கும் நடுவே மனிதர்கள் தோன்றினார்கள், அவர்களை ஆள அரசர்கள் அமர்ந்தார்கள் என்று அது சொல்கிறது. அந்த ஆட்சி தெங்ரி கொடுத்தது என்பது அரசர்களின் வாதம். அவர்கள் வானத்திடம் கேட்டது அதிகாரம்.

சைபீரியாவின் தெற்கே உள்ள அல்தாய் மலை மக்களிடம் ஒரு படைப்புக் கதை உண்டு. ஆதியில் எங்கும் தண்ணீர். வானக் கடவுள் உல்கென் சொன்னபடி எர்லிக் மூழ்கி மண் எடுத்து வருகிறான். கொஞ்சத்தை வாய்க்குள் ஒளித்துக்கொள்கிறான். உலகம் விரியும்போது வாயில் இருந்த மண்ணும் பெருக, மூச்சுத் திணறித் துப்புகிறான். அதுதான் மேடும் சதுப்பும் ஆனது. உலகம் ஏன் சீராக இல்லை என்ற கேள்விக்கு அவர்கள் தேடிய பதில் இது.

ஹொக்கியன் கதை வேறு. பகைவரிடமிருந்து தப்பிய முன்னோர்கள் கரும்புக் காட்டில் ஒளிந்து, ஒன்பதாம் நாள் உயிரோடு வெளியே வந்தார்களாம். ஹொக்கியனில் கரும்பு என்ற சொல்லும் நன்றி என்ற சொல்லும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலிக்கும். எனவே, மேசையில் நிற்கும் கரும்பு நன்றிக் கடன்.

நாம்? தமிழில் வான் என்றால் மழையும்தான். திருக்குறளில் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமே வான்சிறப்பு. அது முழுக்க மழையைப் பற்றியது. உழுதவர்கள் வேறு எதைக் கேட்பார்கள்?

அரசனுக்கு அதிகாரம், தப்பியவருக்கு உயிர், உழவருக்கு மழை. “எல்லாம் ஒன்று” என்றால் இந்த வரலாறு முழுவதும் மறைந்துவிடும். அடுத்த சீனப் புத்தாண்டில் உங்கள் சீன நண்பரிடம் கரும்பு எதற்கு என்று கேளுங்கள். பொங்கலுக்கு உங்கள் வீட்டில் ஏன் கரும்பு என்று அவரும் கேட்பார். அதற்கான பதிலையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வையுங்கள்.