யூகிக்கப்படுபவர் ஆடுபவரே

சினிமாவில் ட்விஸ்ட்டை முன்பே யூகித்துவிட்டால் பாதி சுவை போய்விடும். வீடியோ கேமின் கணக்கு வேறு. அங்கே கதையை ஆடுபவர் யூகிப்பதைவிட, ஆடுபவரைக் கதை எழுதுபவர் யூகிப்பதுதான் முக்கியம். அம்புக்குறி காட்டிய பக்கம் அவர் போவார், கதவைத் திறக்கச் சொன்னால் வழி தேடுவார், ஏன் என்று கேட்கமாட்டார். இந்தப் பழக்கத்தையே ட்விஸ்ட்டாக்கிய கேம், கென் லெவின் தலைமையில் உருவாகி 2007இல் வெளிவந்த பயோஷாக். (இத்தனை ஆண்டு கழித்து முடிச்சை அவிழ்ப்பதில் பாவமில்லை.)

கதை நடப்பது 1960இல். அட்லாண்டிக்கில் விழுந்த விமானத்திலிருந்து தப்பிய ஜாக்காக, ராப்சர் என்னும் கடலடி நகரத்துக்குள் இறங்குகிறோம். ரேடியோவில் அட்லஸ் என்பவர் வழிகாட்டுகிறார். அவர் வேலை சொல்லும்போது 'தயவுசெய்து' என்பதுபோல ஒரு மரியாதைத் தொடர் அடிக்கடி ஒட்டிக்கொண்டு வரும். பணிவான மனிதர் போலும் என்று கடந்துவிடுவோம். நகரை நிறுவிய ஆண்ட்ரூ ரயனைச் சந்திக்கும்போதுதான் விஷயம் உடைகிறது. அந்தத் தொடரைக் கேட்டால் மறுக்க முடியாதபடி ஜாக்கின் மூளை பழக்கப்பட்டிருக்கிறது. ரயன் தன் கோல்ஃப் மட்டையை அவன் கையில் கொடுத்து, தன்னையே கொல்லச் சொல்கிறார். அப்போது கன்ட்ரோலரில் எந்தப் பட்டனை அழுத்தியும் பயனில்லை. நம் கையே அடிப்பதை நாம் வேடிக்கை பார்க்கிறோம்.

கூர்ந்து கேட்பவர் அட்லஸை முன்பே சந்தேகிக்கலாமே? சந்தேகிக்கலாம், ஆனால் சொன்னதைச் செய்யாமல் கதை நகராது. யூகித்தவர் தெரிந்தே கீழ்ப்படிகிறார். அவர் நிலைமைதான் இன்னும் மோசம். வேறு வழியே வைக்காமல் ஆடுபவரைக் குற்றவாளியாக்குவது அழுகுணி ஆட்டம் என்ற ஆட்சேபம் இதைவிட வலுவானது. கேம் வடிவமைப்பாளர் கிளின்ட் ஹாக்கிங் அந்த ஆண்டே இதையொட்டி ஒரு குறை சொன்னார். நகரில் எதிர்ப்படும் லிட்டில் சிஸ்டர் என்னும் சிறுமிகளைக் காப்பதா கொல்வதா என்பதை நம்மிடம் விடும் கேம், அட்லஸுக்கு உதவுவதா வேண்டாமா என்பதை மட்டும் விடவில்லை என்றார். ரயன் காட்சிவரை இதை நான் குறையாக எண்ணவில்லை. தேர்வு இல்லாததுதான் அந்தக் காட்சிக்கு உயிர். சறுக்கல் அதற்கப்புறம். டெனன்பாம் என்ற விஞ்ஞானி ஜாக்கின் கட்டுகளை அறுக்க முன்வருகிறார். ரேடியோவில் குரல் மாறுகிறது, அவ்வளவுதான். அவர் சொன்ன வேலைகளைச் செய்ய ஜாக் கிளம்பிவிடுகிறான்.